தோற்றே தீரவேண்டிய யுத்தம்

சரித்திரத்தில் தோல்வியாக முடிந்த ஒரு யுத்தத்தைக் கணினியில் அமைத்து, அதை நம் கையில் கொடுத்து, இதில் குற்றம் குறை இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்பாராயின், நாம் முதலில் நிர்ணயம் செய்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஆகாயத்தில் நமக்கு நேரும் தோல்வி, அன்று அங்கே பறந்தவர்களுக்கு நேர்ந்த அதே காரணங்களால்தான் நேர்கிறதா, அல்லது அதைக் கணினியில் அமைத்தவரின் கை எங்கோ தவறியதால் நேர்கிறதா என்பதே அது. முன்னது ஆனால் அது தொடப்படாமல் நிற்கவேண்டும். பின்னது ஆனால், அதைக் கண்டுபிடித்து எழுதி அனுப்புவதற்காகத்தான் பரீட்சிப்பவன் அமர்த்தப்பட்டிருக்கிறான். இவ்விரண்டையும் பிரித்தறிவது வெளியிலிருந்து பார்ப்பவர்க்குத் தோன்றுமளவு சுலபமன்று.

மாஸ்கோவில் ஓலெக் மாடக்ஸ் என்பவரின் தலைமையில் இயங்கிய குழு 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஐ.எல்-2 ஸ்டர்மோவிக்' என்னும் போர் விமான சிமுலேட்டர், இரண்டாம் உலக யுத்தத்தில் 36,000-க்கும் மேலாக உற்பத்தியான சோவியத் தாக்குதல் விமானத்தின் பெயரைத் தாங்கியது. கிழக்குப் போர்முனையோடு தொடங்கிய அது பின்னர் பசிபிக் சமுத்திரத்துக்கும் விரிந்து, 2006-இல் '1946' என்ற பெயரில் ஒரே தொகுப்பாயிற்று. அதன் பெருமை விமானங்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. யார் வேண்டுமானாலும் தாமே ஒரு சண்டையை வகுத்துக்கொள்ளும்படி, விமானங்களையும் கப்பல்களையும் பீரங்கிகளையும் வரைபடத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் வழியும் உயரமும் வேகமும் நேரமும் குறித்துக் கொடுக்கக்கூடிய 'மிஷன் பில்டர்' என்ற கருவியை அவர்கள் விளையாட்டோடு சேர்த்தே வழங்கினார்கள். அக்கருவியைக் கொண்டு, பத்துப் பதினைந்து மிஷன்களை ஒரு கதையின் அத்தியாயங்கள்போல் கோத்து, கேம்பெய்ன் என்று விளையாடுவோர் அழைக்கும் போர்த்தொடரை ஆக்கி, ஒரு காசும் எதிர்பாராமல் பிறருக்கு அளித்துவரும் ஆர்வலர்கள் பல தேசங்களிலும் இருக்கிறார்கள். சரித்திர நூல்களையும் படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகளையும் புரட்டி, அன்றைய மேகத்தின் உயரம் இன்னதென்று தேடி அலையும் அவர்களுடைய சிரத்தை, சர்வகலாசாலை ஆராய்ச்சியாளரின் சிரத்தைக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல என்பது என் அபிப்பிராயம்.

நான் பரீட்சித்தவற்றுள் என் மனத்தை மிகவும் பற்றிக்கொண்ட போர்த்தொடர், 1941 டிசம்பர் 8-ஆம் தேதி அதிகாலையில் தொடங்கி அடுத்த பிப்ரவரியில் முடியும் சிங்கப்பூர்ப் போர் பற்றியது. விளையாடுபவர் அதில் செம்பவாங் விமானத்தளத்தில் இருந்த ஆஸ்திரேலிய விமானப்படையின் 453-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஒரு விமானியாகிறார். அவருக்கு அளிக்கப்படுவது அமெரிக்காவில் செய்யப்பட்ட, பீப்பாய் போன்ற பருத்த உடலையுடைய ப்ரூஸ்டர் பஃபலோ. ஜப்பானியரிடம் சிங்கப்பூர் அடைந்த வீழ்ச்சி தமிழர்களாகிய நமக்கும் அந்நியமான விஷயமன்று. அந்த வீழ்ச்சியின் பின்விளைவாகவே மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் திரும்பாதவர்கள் மிகப் பலர். அந்த வீழ்ச்சிக்கு முந்திய பத்து வாரங்களில் அந்த ஆகாயம் எப்படிக் கைநழுவியது என்பதை அறிய விரும்பும் தமிழ் வாசகனுக்கு, ஒரு விமானியின் ஆசனத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது வீணான பொழுதுபோக்காகாது.

1998-இல் வெளிவந்த 'ஃபால்கன் 4.0' போன்ற சிமுலேட்டர்களில், கொரியாவில் நடப்பதாகக் கற்பிக்கப்பட்ட ஒரு யுத்தம் முழுவதையும் கணினியே கணந்தோறும் நடத்திச் செல்கிறது. விளையாடுபவர் பறந்தாலும் பறக்காவிட்டாலும் அங்கே டாங்கிகள் நகர்கின்றன, பாலங்கள் இடிகின்றன. அது பெரிய சாதனைதான். ஆனால் தன் போக்கில் ஓடும் யுத்தம் எங்கே போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிங்கப்பூரின் கதையோ முடிவு தெரிந்த கதை. அதற்கு மிஷன் மிஷனாகக் கையால் வகுக்கும் முறையே பொருந்தும். கையால் வகுத்ததைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய இன்னொருவர் வேண்டியிருக்கிறது.

முதல் மிஷனையே எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 8 அதிகாலை நாலேகால் மணியளவில், தென் இந்தோசீனாவிலிருந்து புறப்பட்டு வந்த 17 ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள், விளக்குகள் அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்த சிங்கப்பூர் நகரத்தின்மீது குண்டுகளைப் பொழிந்தன. 61 பேர் மாண்டனர். 700-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். செம்பவாங்கில் பஃபலோ விமானங்கள் சித்தமாக நின்றன. விமானிகள் மேலேற அனுமதி கேட்டார்கள். நம்முடைய பீரங்கிப்படையினரே இருட்டில் அடையாளம் தெரியாமல் நம் விமானங்களைச் சுட்டுவிடக்கூடும் என்று அஞ்சிய பிரதம சேனாதிபதி புரூக்-பாப்பம் அனுமதி மறுத்துவிட்டார். ஆகவே இந்தப் போர்த்தொடரின் முதல் அத்தியாயத்தில் கதாநாயகன் செய்யவேண்டியது, எஞ்சின் ஓடாத விமானத்தில் உட்கார்ந்தபடி, தேடுவிளக்குகளின் வெளிச்சத்தில் எதிரி விமானங்கள் கடந்துசெல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். ஆக்கியவர் இதை இப்படி வைக்கத் துணிந்தது எனக்குப் பெரும் மதிப்பை உண்டாக்கிற்று. ஆனால் துணிவு ஒன்று. அதைக் கணினி ஏற்றுக்கொள்ளும்படி செய்வது வேறொன்று.

ஒரு மிஷன் நிறைவேறியதா இல்லையா என்று கணினி தீர்ப்பதற்கு, அதை வகுத்தவர் முன்கூட்டியே ஓர் இலக்கைக் குறித்திருக்க வேண்டும். அந்த இலக்கு எட்டப்படாவிடில் தொடர் அடுத்த மிஷனுக்கு நகராது. ஆரம்பப் பிரதியில் குண்டுவீச்சு விமானங்களை அழிப்பதே இலக்காகக் குறிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து தரையில் இருந்தவன் முதல் அத்தியாயத்திலேயே சிக்கிக்கொள்வான். மீறி மேலேறியவனே முன்னேறுவான். சரித்திரம் சொல்வதற்கு நேர் எதிரானதை விளையாட்டு போதித்துக்கொண்டிருந்தது. இதற்குப் பரிகாரமாக, தளத்தில் நிற்கும் விமானங்களை இத்தனை நிமிஷங்கள் பாதுகாத்தல் என்ற வகையான இலக்கு அமைக்கப்பட்டது. காலக்கெடு கழிந்ததும் மிஷன் நிறைவேறிவிடும். குண்டுகள் விழுவது நகரத்தில்; ஆகையால் தளத்து விமானங்கள் தப்பிவிடும்.

சரி, கட்டளையை மீறி ஒருவர் மேலேறினால் என்ன ஆகும்? பரீட்சிப்பவன் நல்ல பிள்ளையாக மட்டும் நடந்துகொள்வது போதாது. விளையாட வரப்போகும் பலவிதமான மனிதர்களாகவும் மாறி மாறிப் பறந்து பார்க்க வேண்டும். அவ்விதம் மீறி மேலேறியபோது தெரியவந்த விஷயம் யோசிக்கத்தக்கது. கணினியின் பீரங்கிக்காரர்கள் தம் பக்கத்து விமானத்தை ஒருபோதும் குறிவைப்பதில்லை. எத்தனை இருட்டாக இருந்தாலும், எந்த விமானம் எந்தப் பட்சத்தைச் சேர்ந்தது என்பது கணினிக்குத் தெரிந்தே இருக்கிறது. புரூக்-பாப்பத்தின் அச்சம் எந்த ஒரு குழப்பத்தின்மேல் எழுந்ததோ, அந்தக் குழப்பம் இந்த உலகத்தில் உண்டாகவே முடியாது. சில பீரங்கிகளை எதிரிப் பட்சத்தைச் சேர்ந்தவையாகக் குறித்துவிடலாமே என்று ஒரு யோசனை எழுந்தது. செய்து பார்த்தால் அந்தப் பீரங்கிகள் அக்கம்பக்கத்தில் நின்ற நம்முடைய விமானங்களையே சுட ஆரம்பித்தன. கடைசியில் அந்த அச்சத்தை யந்திரத்தால் காட்டும் பிரயத்தனம் கைவிடப்பட்டு, மிஷன் தொடங்குமுன் விமானிக்குப் படித்துக்காட்டப்படும் விவரணத்தில், அதாவது பிரீஃபிங்கில், நாலு வாக்கியங்களாக எழுதப்பட்டது. அந்த நாலு வாக்கியங்களும் நன்றாக அமைந்தன. சிமுலேட்டரிலும் சொல்லால் மட்டுமே ஆகக்கூடிய காரியங்கள் இருக்கின்றன என்பதை அங்கே பிரத்தியட்சமாகக் கண்டேன்.

இதைப் போன்றதே மேகத்தின் விஷயமும். அன்றிரவு சிங்கப்பூரை நோக்கிப் புறப்பட்ட வேறொரு ஜப்பானிய விமானத் தொகுதி மோசமான வானிலையால் பாதிவழியில் திரும்பிவிட்டது. கணினி விமானிகளோ புயலைக் கண்டு திரும்புவதில்லை. அடர்ந்த மேகத்துக்குள் இருந்தாலும் எதிரியைக் கண்டுகொள்வார்கள் என்ற புகாரும் அவர்கள்மேல் நெடுங்காலமாக உண்டு. டிசம்பர் மாதம் வடகிழக்குப் பருவக்காற்றின் காலம்; மலாயாவின் கீழைக் கரையில் மேகமும் மழையும் அன்றைய இரு தரப்புக்கும் பொதுவான சத்துரு. இங்கே அந்தச் சத்துருத்தனம் மனித விமானியை மட்டும் வருத்துகிறது. இதற்கு முழுப் பரிகாரம் இல்லை. அநியாயமாகத் தோன்றும் மிஷன்களில் மேகத்தைச் சற்று உயர்த்தும்படியும் எதிரி விமானிகளின் திறமையை ஒரு படி தாழ்த்தும்படியும் எழுதினேன். ஆக்கியவர் சிலவற்றில் இணங்கினார், சிலவற்றில் இணங்கவில்லை.

டிசம்பர் 10-ஆம் தேதி மிஷன்தான் இத்தொடரின் இருதயம். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் இரு பெரும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மலாயாவின் கீழைக் கரையில் குவாந்தானுக்கு அப்பால் கடலில், விமானப் பாதுகாப்பின்றிச் சென்றுகொண்டிருந்தன. அட்மிரல் டாம் பிலிப்ஸ் ரேடியோ மௌனத்தைக் கலைக்க விரும்பவில்லை. 11 மணிக்குப் பின் தொடங்கிய தாக்குதலைப் பற்றி ரிபல்ஸ் கப்பல் செய்தி அனுப்பியபோது நண்பகல் ஆகிவிட்டது. கப்பற்படைக்குப் பாதுகாப்பளிக்கவென்றே ஒதுக்கப்பட்டிருந்த 453-ஆம் ஸ்குவாட்ரன் உடனே புறப்பட்டது. சுமார் ஒரு மணி நேரப் பயணம். ரிபல்ஸ் 12.33-க்கே மூழ்கிவிட்டது; பஃபலோக்கள் போய்ச் சேர்ந்த தறுவாயில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அட்மிரல் உட்பட ஏறத்தாழ 840 பேர் இறந்தார்கள். ஜப்பானியர் இழந்தது மிகச் சில விமானங்களே.

ஆகவே இந்த மிஷனில் விளையாடுபவர் தாமதமாகத்தான் போய்ச்சேர வேண்டும். எவ்வளவு திறமையாகப் பறந்தாலும் தாமதமாகத்தான். ஆனால் அந்தத் தாமதம், எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கியவன்கூடத் தன் கணக்கால் உணர்ந்துகொள்ளக்கூடிய நியாயமான தாமதமாக இருக்கவேண்டுமே ஒழிய, கணினி செய்த சூழ்ச்சிபோல் தோன்றிவிடக்கூடாது. முதற்பிரதியில் டார்பிடோ விமானங்களின் கடைசித் தொகுதிக்குக் குறித்திருந்த வேகம் குறைவாயிருந்ததால், அவை இலக்கை அடையுமுன்னே வேகமாகப் பறந்த ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்துவிட முடிந்தது. அவற்றில் சிலவற்றைச் சுட்டு வீழ்த்தவும் முடிந்தது. பரீட்சித்தவர்களில் ஒருவருக்கு அது மிகுந்த உற்சாகத்தை அளித்தது. கதை நன்றாயிருக்கிறது, இதை இப்படியே விடலாம் என்றார் அவர். நான் வன்மையாக மறுத்தேன். அங்கே ஒரு டார்பிடோ விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் இன்பத்தை நமக்கு அளித்தால், முந்தின இரவெல்லாம் எங்கே கப்பல்கள் என்று அறியாமல் தளத்தில் காத்திருந்தவர்களின் நிலையை நாம் பொய்யாக்கியவர்களாகிறோம்.

வேகம் திருத்தப்பட்டது. அதன்பின் எழுந்தது இலக்கைப் பற்றிய கேள்வி. கப்பல்களைப் பாதுகாத்தல் என்று வைத்தால் மிஷன் எப்போதும் தோற்கும். தொடர் அங்கேயே நின்றுவிடும். சரித்திரமே அதற்கு விடையும் அளித்தது. எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், வாம்பயர் என்ற மூன்று நாசகாரிக் கப்பல்கள் அன்று எண்ணெய் படர்ந்த கடலிலிருந்து 2,000-க்கும் மேற்பட்ட மாலுமிகளைத் தூக்கி எடுத்தன. அந்த வேளையில் அவற்றின் தலைக்குமேல் பஃபலோக்கள் வட்டமிட்டன. எதிரி மீண்டும் வந்திருந்தால் அந்த மூன்று கப்பல்களும் அசையாமல் நின்ற நிலையில் அகப்பட்டிருக்கும். எனவே அந்த நாசகாரிகளைக் குறித்த நேரம்வரை காப்பதே இலக்காயிற்று. இந்த ஒரு மாற்றத்தால் மிஷனின் பொருளே மாறிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. வீணாக வந்தோம் என்ற எண்ணத்தோடு திரும்ப வேண்டியவன், செய்யக் கிடைத்த ஒரே வேலையைச் செய்து திரும்புகிறான்.

பஃபலோ விமானத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். மட்டமான விமானம் என்ற பட்டம் அதற்கு நிலைத்துவிட்டது. ஆனால் பின்லாந்து வாங்கிய 44 பஃபலோக்கள் சோவியத் விமானப்படைக்கு எதிராகப் பெற்ற வெற்றிகள் வியப்புக்குரியவை. 24-ஆம் ஸ்குவாட்ரன் ஒன்றே அவற்றைக்கொண்டு 450-க்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் காட்டியது. சிங்கப்பூருக்கு வந்தவை அவற்றைவிடக் கனமானவை. ஈரமும் உஷ்ணமும் மிகுந்த பிரதேசத்தில், எதிரி வருவதைப் போதுமான நேரத்துக்கு முன் அறிவிக்கும் ஏற்பாடுகள் இல்லாத நிலையில் அவை பறக்க வேண்டியிருந்தது. உயரத்தில் எரிபொருள் சரியாக வந்துசேராமல் எஞ்சின் தடுமாறும். மேலேறுவதற்குள் குண்டுவீச்சு விமானங்கள் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். எதிரில் வந்த ஜப்பானியரின் ஹயபுசா போர் விமானமோ மிகவும் இலேசானது. அதனோடு வட்டமிட்டுச் சண்டையிட்டவர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. விமானிகள் சிலர் தம் பஃபலோவிலிருந்த கவசத் தகடுகளையும் வேறு பல சாதனங்களையும் கழற்றி, கனரக யந்திரத் துப்பாக்கிகளை இலேசானவையாக மாற்றி, எரிபொருளையும் குண்டுகளையும் குறைத்து ஏற்றிக்கொண்டு, எப்படியாவது பாரத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். நமது போர்த்தொடரிலும் நடுப்பகுதியிலிருந்து விமானத்தில் ஏற்றும் எரிபொருளின் அளவு இதற்கேற்பக் குறைக்கப்பட்டிருக்கிறது.

இங்கே கணினியின் வேறொரு குறை குறுக்கிட்டது. மனிதன் ஓட்டும் எஞ்சின் சூடேறும். கணினி விமானிகளின் எஞ்சின்கள் அவ்வாறு சூடேறித் தவிப்பதில்லை. விளைவு என்னவென்றால், உடன் பறக்கும் தோழர்கள் நம்மை விட்டுவிட்டு மேலே மேலே போய்விடுகிறார்கள். நாம் தனியே கீழே திணறுகிறோம். ஹயபுசாக்கள் நம்மேல் வந்து விழுகின்றன. இது சரித்திரத்தின் தோல்வியன்று; கருவியின் குறையால் வரும் தோல்வி. தோழர்களின் பாதைக்குக் குறிக்கும் வேகத்தைக் குறைத்து, உயரம் ஏறுவதை இரண்டு மூன்று கட்டங்களாகப் பிரித்தபோது அணி கலையாமல் சேர்ந்து ஏறியது. அவ்வாறு ஏறியபின்னும் நாம் தோற்றோம். ஆயினும் அந்தத் தோல்வியில் குறை சொல்ல இடமில்லை.

நேரக் குறிப்புகளில் நேர்ந்த குழப்பம் தனிக் கதை. 1941 செப்டம்பர் முதல் மலாயாவின் கடிகாரங்கள் கிரீனிச் நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னே ஓடின. ஜப்பானியப் படைகளோ எங்கே இருந்தாலும் ஒன்பது மணி முன்னேயுள்ள டோக்கியோ நேரத்தையே கைக்கொண்டன. ஒரு நிகழ்ச்சியை பிரிட்டிஷ் ஆவணத்திலிருந்தும் அடுத்ததை ஜப்பானிய ஆவணத்திலிருந்தும் எடுத்தவருக்கு ஒன்றரை மணி நேரம் காணாமற்போகிறது. பிரீஃபிங்கில் விடியற்காலம் என்று படித்துவிட்டு உள்ளே போனால் சூரியன் நன்றாக மேலேறியிருந்த மிஷன் ஒன்று இப்படித்தான் அகப்பட்டது.

மற்றச் சில்லறைப் பிழைகளை விரிக்க வேண்டியதில்லை. ஓடுபாதைக்குப் பக்கத்தில் அழகுக்காக நிறுத்திய லாரியில் கணினி விமானி மோதி வெடித்தல், தரையில் பொருள்களை அளவுக்குமேல் நிரப்பியதால் படம் தடுமாறி ஓடுதல், ஓர் ஊரின் பெயர் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருத்தல் ஆகியவை எந்தத் தொடரிலும் இருப்பவை; பொறுமையுள்ள எவரும் கண்டுபிடிக்கக் கூடியவை. நேரத்தை எட்டு மடங்கு வேகப்படுத்தி ஓட்டிப் பார்த்தால் மட்டும் வெளிப்படும் கோளாறுகளும் உண்டு. அதையும் செய்யத்தான் வேண்டும். ஏனெனில் ஒரு மணி நேரக் கடற்பயணத்தை விநாடி விநாடியாகப் பறக்கும் பொறுமை எல்லோருக்கும் இராது.

பரீட்சித்தவர்களுக்குள் கடைசிவரை தீராமல் இருந்த வாதம் ஒன்று. இவ்வளவு தோல்வியை யார் விரும்பி விளையாடுவார்கள், நடுவே இரண்டொரு சுலபமான வெற்றிகளைப் புகுத்தினால் என்ன என்று சிலர் கேட்டார்கள். அவர்களை நான் குறை கூறவில்லை; மாலையில் அலுத்து வந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பவன் சிறிது சந்தோஷத்தை எதிர்பார்ப்பது இயல்பு. ஆயினும் சந்தோஷத்துக்குச் சரித்திரத்திலேயே இடம் இருக்கும்போது கற்பனையை நாடுவானேன்? 1942 ஜனவரி 13-ஆம் தேதி 51 ஹரிகேன் விமானங்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலில் வந்து இறங்கின. அவற்றைப் பூட்டி முடித்து, அதே மாதம் 20-ஆம் தேதி அவை முதன்முறையாக மேலேறியபோது, எதிரியின் குண்டுவீச்சு விமானங்கள் உண்மையிலேயே அடிபட்டன. நகரத்தில் ஓரிரு நாள் நம்பிக்கை துளிர்த்தது. அந்த ஹரிகேன்களோடு சேர்ந்து பறக்கும் மிஷன் ஒன்றை நாங்கள் கேட்டோம்; ஆக்கியவர் சேர்த்தார். அடுத்த மிஷனில் ஜப்பானியக் கடற்படையின் ஜீரோ விமானங்கள் வருகின்றன. அதையும் அவர் மறைக்கவில்லை.

ஜனவரி 31-ஆம் தேதி, சிங்கப்பூரை மலாயாவோடு இணைத்த ஜோகூர்ப் பாலம் தகர்க்கப்பட்டது. அக்கரையிலிருந்து வந்த பீரங்கிக் குண்டுகள் தெங்கா, செம்பவாங், சிலேத்தார் ஆகிய தளங்களை எட்டத் தொடங்கியபின் காலாங் ஒன்றே ஓரளவு மிஞ்சியது. எஞ்சிய விமானங்கள் சிறிது சிறிதாகத் தெற்கே கடல் கடந்து டச்சுக்காரர்களின் தீவுகளுக்குச் சென்றன. தொடரின் கடைசி மிஷனும் இதுவே. முதற்பிரதியில், புறப்படும் வழியில் ஹயபுசா அணியொன்றைத் தோற்கடிப்பது இலக்காயிருந்தது. கடைசியிலாவது வென்றுவிட்டுப் போகட்டும் என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது. எங்களில் பெரும்பாலோர் அதை எடுத்துவிடச் சொன்னோம். எஞ்சிய பஃபலோக்களைக் கடலுக்கு அப்பால் முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே இலக்கு என்று மாற்றப்பட்டது. எதிரியைக் கண்டால் விலகிச் செல்க என்று பிரீஃபிங் இப்போது கூறுகிறது. அப்படி மாற்றிப் பறந்து பார்த்தபோது ஒரு விமானமும் அக்கரை சேரவில்லை. நடு மிஷன்களில் பாரத்தைக் குறைப்பதற்காகக் குறைத்து வைத்த எரிபொருள் அளவு, இந்த மிஷனிலும் அப்படியே இருந்துவிட்டது. எரிபொருள் தொட்டியை முழுவதும் நிரப்பி, புறப்படும் ஓடுபாதையில் அந்தக் கூடுதல் பாரத்துக்கு வேண்டிய தூரம் இருக்கிறதா என்றும் பார்க்கும்படி எழுதி அனுப்பினேன்.